எலக்ட்ரீஷியனுக்காகப் பிறந்த கருவி

கொல்லிமலையின் கிழக்கு அடிவாரத்தில், துறையூர் வட்டத்தின் ஓரத்தில் இருக்கிறது புளியஞ்சோலை. திருச்சிக்காரர்களுக்கு அது ஞாயிற்றுக்கிழமைக் குளியலுக்கான இடம். மின்வாரியத்தின் கணக்கு வேறு. மலைமேல் ஓடைகளைத் தடுப்பணைகளால் மறித்து, நீரைக் குழாய் வழியாகக் கீழே இறக்கி மின்சாரம் எடுக்கும் 20 மெகாவாட் கொல்லிமலை நீர்மின் திட்டத்துக்கு மின்நிலையம் அமைக்கத் தேர்ந்தெடுத்த இடம் இந்த அடிவாரம்தான்.

மலை உயரத்திலிருந்து வரும் நீருக்கு வழக்கமாகப் பொருத்துவது பெல்டன் சக்கரம். அதை ஓட்டத் தொடங்குவதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் பெரிய வால்வின் இருபுறமும் அழுத்தத்தைச் சமப்படுத்த வேண்டும். பிறகு வால்வைத் திறந்து, பிரேக்கை விடுவித்து, ஊசிமுனையை மெல்லத் திறந்து வேகம் கூட்டி, மின்கட்டமைப்போடு இணைக்க வேண்டும். ஓடும்போது திடீரென்று லோடு விழுந்துவிட்டால் நீர்த்தாரையை உடனே விலக்கிவிட வேண்டும். ஆனால் ஊசிமுனையை உடனே மூடக் கூடாது. மூடினால் குழாய்க்குள் எழும் அழுத்தம் குழாயையே பிளந்துவிடும். ஒன்று நொடியில், மற்றொன்று நிதானமாக. இந்த வரிசையை இன்று எங்கும் நடத்துவது பி.எல்.சி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் கட்டுப்பாட்டுக் கருவி.

அந்தக் கருவி இருக்கும் பேனலைத் திறந்து வேலை பார்க்க உப்பிலியபுரம், துறையூர் பக்கத்துப் பிள்ளைகள் எங்கே, எப்படிக் கற்றுக்கொள்வது என்பதுதான் இக்கட்டுரையின் கேள்வி. மின்நிலையம் ஒன்றுக்காக மட்டும் இதைக் கேட்கவில்லை. நாமக்கல்லின் கோழித்தீவன ஆலைகள், ராசிபுரம், ஆத்தூர் வட்டாரத்து ஜவ்வரிசி ஆலைகள், பெரம்பலூர் நாரணமங்கலத்தில் எம்.ஆர்.எஃப். டயர் ஆலை, மணப்பாறை மொண்டிப்பட்டியில் டி.என்.பி.எல். அட்டை ஆலை, டால்மியாபுரத்தில் சிமென்ட் என்று இந்தச் சுற்றுவட்டாரத்தில் பி.எல்.சி.யும் மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவும் இல்லாமல் ஓடும் பெரிய ஆலையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தத் துறையைக் கற்பிக்கும் நம் இடங்களில் பெரும்பாலானவை தலைகீழாகத் தொடங்குகின்றன. மாணவரை முதலில் கணினித் திரைக்கு முன் உட்கார வைக்கிறார்கள். மோட்டார் கடைசியில் வருகிறது, சில இடங்களில் வருவதே இல்லை. இந்தக் கருவி பிறந்த கதையைப் பார்த்தால் இது எவ்வளவு விநோதம் என்று தெரியும்.

அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸின் ஹைட்ராமேட்டிக் பிரிவு, கார்களுக்கான கியர் பெட்டி செய்யும் ஆலை. அங்கே எந்திரங்களை இயக்கியவை சுவர் சுவராக நின்ற ரிலே பலகைகள். மாடல் மாறும்போதெல்லாம் அந்த வயரிங்கைப் பிரித்து மறுபடி கட்ட வேண்டியிருந்தது. 1968இல் அந்த ஆலை ரிலேக்களுக்குப் பதிலாக மின்னணுக் கருவி ஒன்று வேண்டும் என்று கேட்டது. ஆலைத்தரையின் தூசியையும் சூட்டையும் தாங்க வேண்டும், ஆலையில் இருக்கும் ஆட்களே அதற்கு நிரல் எழுதவும் மாற்றவும் முடிய வேண்டும் என்பவை நிபந்தனைகளில் முக்கியமானவை. டிக் மார்லியும் அவரது பெட்ஃபோர்ட் அசோசியேட்ஸ் நண்பர்களும் 1969இல் கொடுத்த மோடிகான் 084 அப்படி வந்தது. அந்த நிறுவனத்தின் 84ஆவது திட்டம் என்பதால் அந்த எண். நிரலை அவர்கள் கணினி மொழியில் எழுதச் சொல்லவில்லை. எலக்ட்ரீஷியன் தினமும் பார்க்கும் ரிலே வரைபடத்தையே திரைக்குக் கொண்டுவந்தார்கள். லேடர் டயகிராம் என்பது அதுதான். எலக்ட்ரீஷியன் கணினி படிக்க வேண்டியதில்லை, கணினியே எலக்ட்ரீஷியனின் படத்தைப் படிக்கட்டும் என்பது அதன் அடிப்படை.

புளியஞ்சோலையைச் சுற்றித் தென்னையும் பாக்கும் நெல்லும் உள்ள தோட்டங்களில் மோட்டார் கொட்டகை இல்லாத கிணறு அரிது. 1990இல் விவசாயத்துக்கு இலவச மின்சாரம் வந்த பிறகு இந்தப் பகுதிகளில் மோட்டார் மெக்கானிக் என்பவர் ஊருக்கு ஊர் தேவைப்படும் ஆளாகிவிட்டார். ஸ்டார்ட்டரைப் பிரித்துப் போடுவார், சிங்கிள் ஃபேஸில் ஓடிக் கருகிய காயிலை மாற்றிக் கட்டுவார், ஓவர்லோடு ரிலேயை எவ்வளவு ஆம்பியரில் வைக்க வேண்டும் என்று மோட்டாரைப் பார்த்ததும் சொல்வார். பி.எல்.சி. என்றால் மட்டும் தனக்குச் சம்பந்தமில்லாதது என்று ஒதுங்கிவிடுவார். ஆனால் பி.எல்.சி.யின் முதல் பாடம் அவர் கையில் இருக்கும் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள்தான் இருக்கிறது.

அதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். பச்சைப் பட்டனை அழுத்தினால் கான்டாக்டர் காயிலுக்கு மின்சாரம் போகிறது, கான்டாக்டர் இழுக்கிறது. பட்டனை விட்ட பிறகும் மோட்டார் ஓடுகிறதே, எப்படி? கான்டாக்டர் இழுத்தவுடன் அதன் பக்கத்தில் உள்ள சிறிய துணைக் கான்டாக்டும் மூடி, பச்சைப் பட்டனுக்கு இணையாக வழி கொடுத்துக்கொள்கிறது. ஹோல்டிங் என்பார்கள். சிவப்புப் பட்டன் அந்த வழியை அறுக்கிறது. கரண்ட் போய்த் திரும்பி வந்தால் மோட்டார் தானாக ஓடாது, ஏனென்றால் ஹோல்டிங் விட்டுப்போயிருக்கும். லேடரின் முதல் வரி இதே படம்தான். ஸ்டார்ட், அதற்கு இணையாக ஹோல்டிங், தொடர்ந்து ஸ்டாப், ஓவர்லோடு, கடைசியில் காயில். மெக்கானிக்கிடம் இந்தப் படத்தைக் காட்டினால் நிமிடத்தில் படித்துவிடுவார்.

புதிதாகப் படிப்பவர்கள் எல்லோரும் தடுக்கி விழும் இடமும் இதே வரியில்தான் இருக்கிறது. ஸ்டாப் பட்டன் இயல்பில் மூடியிருக்கும் வகை. ஆகவே பழைய ரிலே படத்தில் மூடிய கான்டாக்டாக வரைவார்கள். அதே பட்டனை பி.எல்.சி.யின் இன்புட்டில் இணைத்தால், யாரும் அழுத்தாதபோது அந்த இன்புட் ஆன் நிலையில் இருக்கும். எனவே நிரலுக்குள் அதைத் திறந்த கான்டாக்டாகப் போட்டால்தான் வழி கிடைக்கும். மாணவர் பழைய படத்தைப் பார்த்து மூடிய கான்டாக்டைப் போடுகிறார், மோட்டார் ஓட மறுக்கிறது. உடனே குறுக்குவழி தேடி, ஸ்டாப் பட்டனைத் திறந்த வகையாக மாற்றிவிடுகிறார். இப்போது எல்லாம் சரியாக வேலை செய்கிறது, திரையில் எந்தக் குறையும் தெரியாது. என்றைக்காவது அந்தப் பட்டனுக்குப் போகும் வயரை எலி கடித்தால், அல்லது டெர்மினல் ஸ்க்ரூ தளர்ந்தால், ஸ்டாப்பை அழுத்தினாலும் மோட்டார் நிற்காது. மூடிய வகை இருந்திருந்தால் வயர் அறுந்த கணமே மோட்டார் நின்றிருக்கும். இதை மென்பொருள் கற்றுத் தராது. வயர் அறுந்து பார்த்த ஆள்தான் சொல்லித் தர முடியும். அவசர நிறுத்தத்தை நிரலை மட்டும் நம்பி விடக் கூடாது, கான்டாக்டரின் மின்வழியையே நேராக அறுக்க வேண்டும் என்ற விதிக்கும் காரணம் இதே வகைதான்.

இதன் பிறகு ரிலேயில் இல்லாத புதிய சங்கதிகள் வருகின்றன. பி.எல்.சி. எல்லா இன்புட்டையும் ஒருமுறை படித்து, நிரலை மேலிருந்து கீழே ஓடவிட்டு, முடிவில் அவுட்புட்டுகளை மொத்தமாக மாற்றுகிறது. சில மில்லிநொடிகளில் இது முடிந்து மறுபடி தொடங்குகிறது. ஆகவே ஒரே அவுட்புட்டை இரண்டு வரிகளில் எழுதினால் கீழே உள்ள வரியின் சொல்தான் எடுபடும். மேலே உள்ளது எழுதியும் எழுதாதது போல. டைமர், கவுன்ட்டர், அனலாக் அளவு, பி.ஐ.டி. என்று இந்தப் பட்டியல் போகும். 1993இல் வெளிவந்த ஐ.இ.சி. 61131-3 தரநிலை ஐந்து நிரல் மொழிகளை ஒழுங்குபடுத்தியதால் ஒரு கம்பெனியின் கருவியில் கற்றது இன்னொன்றிலும் உதவுகிறது. சீமென்ஸா, டெல்டாவா, மிட்சுபிஷியா என்று எதைப் படிப்பது எனக் குழம்பி மாதக்கணக்கில் காத்திருப்பவர்களுக்கு இது ஒன்றே பதில்: கையில் கிடைப்பதைப் படியுங்கள்.

மோட்டார் டிரைவ், அதாவது வி.எஃப்.டி., இன்னும் ருசியான விஷயம். பாடப்புத்தகமும் தோட்டமும் மோதிக்கொள்வது இங்கேதான். 50 ஹெர்ட்ஸில் வரும் மின்சாரத்தை நேர்மின்னோட்டமாக மாற்றி, அதைப் பொடிப்பொடியாக நறுக்கி, வேண்டிய ஹெர்ட்ஸில் மறுபடி மூன்று ஃபேஸாகக் கொடுப்பது டிரைவின் வேலை. 415 வோல்ட் உள்ளே போனால் உள்ளிருக்கும் கப்பாசிட்டரில் 580 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். மெயினை அணைத்த பிறகும் சில நிமிடங்கள் அது அங்கேயேதான் இருக்கும். அணைத்ததும் கையை விடாதே என்பதைத்தான் முதல் நாளே சொல்லித்தர வேண்டும். டென்மார்க்கின் டான்ஃபாஸ் நிறுவனம் டிரைவை 1968இலேயே வரிசை உற்பத்திக்குக் கொண்டுவந்தது. அதற்கும் மோடிகானுக்கும் ஏறக்குறைய ஒரே வயது.

நம் ஊர்ப் பம்ப்செட்டில் டிரைவ் வைக்கும்போது மூன்று இடத்தில் வேலை கெடுகிறது. ஒன்று, ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டரில் ஓடிய மோட்டாரிலிருந்து ஆறு வயர்கள் வரும். டிரைவுக்கு மூன்றுதான். மீதியை எப்படிச் சேர்ப்பது என்று தெரியாமல் ஸ்டாரில் கட்டிவிட்டால் மோட்டாரின் முறுக்கு மூன்றில் ஒரு பங்காகக் குறையும், லோடு ஏறியதும் டிரைவ் ட்ரிப் ஆகும். டிரைவைக் குற்றம் சொல்லித் திருப்பி அனுப்புவார்கள். டெல்டாவில் நிலையாக இணைத்துவிட்டு மூன்று வயரைக் கொடுக்க வேண்டும். இரண்டு, பவர் ஃபேக்டருக்காக மோட்டாரோடு சேர்த்துப் போட்ட கப்பாசிட்டர். டிரைவுக்குப் பின்னால் அது இருக்கவே கூடாது. நறுக்கிய மின்சாரம் அதில் பாயும்போது எழும் கரண்ட் டிரைவின் உயிரை வாங்கிவிடும். மூன்றாவது, ஆர்.எஸ்.டி. எனக் குறித்த இடத்தில் கொடுக்க வேண்டிய மெயினை யு.வி.டபிள்யூ. என்ற இடத்தில் கொடுத்துவிடுவது. இதற்கு விளக்கம் தேவையில்லை, சத்தமே சொல்லிவிடும்.

இனிக் கணக்கு. பம்ப்பின் வேகத்தை 80 சதவீதமாகக் குறைத்தால் மின்செலவு 51 சதவீதமாகக் குறையும் என்று டிரைவ் விற்பவர்கள் எல்லோரும் சொல்வார்கள். வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மின்செலவு மாறுகிறது என்பது உண்மைதான். குழாயில் நீரைச் சுற்றிவிடும் பம்ப்புக்கும் காற்றாடிக்கும் அது பொருந்தும். ஆனால் அதே 80 சதவீத வேகத்தில் பம்ப் தள்ளக்கூடிய உயரம் 64 சதவீதமாகிவிடும் என்பதை யாரும் சொல்வதில்லை. 500 அடி ஆழத்திலிருந்து ஏற்ற வேண்டிய போர்வெல்லில், அந்த ஆழம் அப்படியே இருக்கிறது, குறைந்தது பம்ப்பின் சக்திதான். ஓர் எல்லைக்குக் கீழே மோட்டார் சுற்றும், தண்ணீர் மேலே வராது. சப்மெர்சிபிள் மோட்டாரைக் குளிர்விப்பதே அதை ஒட்டி ஓடும் தண்ணீர் என்பதால் மோட்டாரும் சூடேறும்.

இந்த விதியை வகுப்பில் கரும்பலகையில் எழுதுகிறார்கள். ஆனால் சோலார் பம்ப் வைத்திருக்கும் எந்த விவசாயியும் இதைத் தினமும் காலையில் கண்ணால் பார்க்கிறார். சோலார் பம்ப்பின் கன்ட்ரோலர் என்பது ஒரு டிரைவ்தான், வெயிலுக்கு ஏற்ப ஹெர்ட்ஸை ஏற்றி இறக்குகிறது. இளவெயிலில் மோட்டார் சத்தம் கேட்கும், குழாயில் தண்ணீர் வராது. வெயில் ஏறி ஹெர்ட்ஸ் ஓர் அளவைத் தாண்டியதும் குபுக்கென்று வரும். 2019இல் தொடங்கிய பி.எம். குசும் திட்டம் மானியத்தில் இத்தகைய பம்ப்புகளைக் கிராமங்களுக்குக் கொண்டுவந்தது. செல்போனில் மோட்டாரைப் போட்டு அணைக்கும் கருவிக்கும் வேளாண் பொறியியல் துறை மானியம் தருகிறது. ஆகவே அடிவாரத்துத் தோட்டத்தில் வளரும் பிள்ளைக்கு இது அந்நியத் தொழில்நுட்பம் என்று சொல்வதற்கில்லை. வீட்டுக் கொட்டகையில் தொங்கிக்கொண்டிருக்கிறது, ஆனால் அதன் மூடியைத் திறந்து காட்ட ஆள் இல்லை.

பி.எல்.சி.யும் டிரைவும் ஒன்றோடொன்று பேசத் தொடங்கும்போதுதான் இந்த வேலை முழுமை அடைகிறது. இரண்டு வயரில் ஆர்.எஸ்.485 இணைப்பு, அதன்மேல் 1979இல் மோடிகான் உருவாக்கிய மோட்பஸ் மொழி. எத்தனை ஹெர்ட்ஸ், எவ்வளவு ஆம்பியர், ஏன் ட்ரிப் என்பதெல்லாம் அந்த வழியாக வரும். சிறிய ஆலைகளில் இன்றும் இதுதான் ஓடுகிறது. அந்தப் பேச்சை நம்பியதால் நேர்ந்த மிகப் பெரிய விபரீதம் 2010இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட். ஈரானின் யுரேனியச் செறிவூட்டும் ஆலையில் சீமென்ஸ் பி.எல்.சி.க்குள் புகுந்து, குறிப்பிட்ட இரண்டு நிறுவனங்களின் டிரைவ்கள் இருக்கின்றனவா என்று தேடி, அவற்றின் ஹெர்ட்ஸை மாற்றி எந்திரங்களைச் சிதைத்தது. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கோ எல்லாம் ஒழுங்காக நடப்பதாகவே தெரிந்தது. அந்த நச்சுநிரல் ஈரான், இந்தோனேசியாவுக்கு அடுத்து அதிகம் பரவிய நாடு இந்தியா. திரையை மட்டும் பார்த்து வேலை கற்றவரைப் பற்றி நான் கவலைப்படுவதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை. எந்திரத்தின் சத்தம் மாறியதைக் காதால் பிடிப்பவர் பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும்.

சரி, கற்கும் வழிகள் என்னென்ன? ஐ.டி.ஐ. எலக்ட்ரீஷியன் பிரிவு இரண்டாண்டு. ஸ்டார்ட்டர், பேனல் வயரிங், மோட்டார் கட்டுவது என்று கைவேலைக்கு நல்ல அடித்தளம். டிரைவ் பயிற்சியும் பாடத்திட்டத்தில் இருக்கிறது. சென்னை கிண்டியில் உள்ள நிமி நிறுவனம் இதற்கான நூல்களைத் தமிழிலும் தருகிறது. கொல்லிமலை மேலேயே அரசு ஐ.டி.ஐ. ஒன்று உண்டு. ஆனால் புளியஞ்சோலையிலிருந்து மேலே போக நடைபாதைதான். பஸ்ஸில் போவதென்றால் மலையைச் சுற்றி மறுபக்கம் போய், காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏற வேண்டும். வரைபடத்தில் பக்கம், வாழ்க்கையில் தூரம். திருவெறும்பூர் அரசு ஐ.டி.ஐ.யே பலருக்குச் சுலபம். தமிழக அரசு டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.க்களை 2,877 கோடி ரூபாயில் தொழில் 4.0 மையங்களாக மாற்றியிருக்கிறது. ரோபோவும் ஆட்டோமேஷனும் அங்கே புதிய பிரிவுகள். கருவிகள் வந்துவிட்டன. அவற்றைப் பழுதாக்கிப் பார்த்துக் கற்றுக்கொடுக்கும் துணிச்சல் ஆசிரியர்களுக்குக் கிடைக்கிறதா என்பதில்தான் இதன் வெற்றி இருக்கிறது. விலை உயர்ந்த பொருளைக் கண்ணாடிக்குள் வைத்துப் பாதுகாப்பது நம் ஆய்வகங்களின் பழைய வியாதி.

பாலிடெக்னிக்கில் மின்னியல் டிப்ளமோ படிப்பவருக்கு மின் எந்திரங்களின் கட்டுப்பாடு என்று ஒரு பாடமே உண்டு, பி.எல்.சி. அதில் வருகிறது. ஆனால் ஆய்வகத்துப் பயிற்சிப் பெட்டியில் சிறு சுவிட்சைத் தட்டினால் சிறு விளக்கு எரியும், அத்தோடு ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து விழும். லோடு ஏற்றிய மோட்டாரை ஒருமுறையாவது நிறுத்திப் பார்த்தால்தான், நிறுத்தும் நேரத்தைக் குறைத்தால் ஏன் டிரைவ் ஓவர்வோல்ட்டேஜ் காட்டுகிறது என்று புரியும். நிற்க மறுக்கும் கனமான சக்கரம் மோட்டாரையே ஜெனரேட்டராக்கி டிரைவுக்குள் மின்சாரத்தைத் திருப்பித் தள்ளுகிறது. அதைத் தின்ன பிரேக் ரெசிஸ்டர் வேண்டும். விளக்கு எரிந்த பெட்டியில் இது எப்படித் தெரியும்?

பொறியியல் கல்லூரிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. திருச்சி என்.ஐ.டி.யில் சீமென்ஸ் மையம் இருக்கிறது, அங்கே நுழைய முடிந்தவர்களுக்கு என் ஆலோசனை தேவைப்படாது. நகரங்களில் உள்ள தனியார் பயிற்சி மையங்கள் ஒரு மாதம், மூன்று மாதம் என்று நடத்துகின்றன. நோட்டீஸில் ஏழெட்டுக் கம்பெனிப் பெயர்கள் இருக்கும். எல்லாவற்றையும் தொட்டுக் காட்டிவிட்டு சான்றிதழ் கொடுப்பார்கள். கடன் வாங்கி அங்கே சேர்வதற்கு முன், எரிந்த சென்சாரைக் கண்டுபிடிக்கச் சொல்லித் தருவார்களா என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டுச் சேருங்கள். ஆலையில் பி.எல்.சி. பழுதாவது அபூர்வம். சென்சாரும், லிமிட் சுவிட்சும், தளர்ந்த லக்கும்தான் எந்திரத்தை நிறுத்துகின்றன.

என் பார்வையில் நல்ல வழி பேனல் கட்டும் பட்டறை. கோயம்புத்தூரிலும் அம்பத்தூரிலும் ஓசூரிலும் நிறைய. அங்கே முதல் சில மாதங்கள் வயருக்கு ஃபெருல் நம்பர் போட்டு, லக் அடித்து, டக்ட்டில் ஒதுக்குவதுதான் வேலை. சலிப்பான வேலைதான். ஆனால் வரைபடத்தில் உள்ள ஒவ்வொரு கோடும் கை வழியாகப் போகிறது. பிறகு பேனலோடு சைட்டுக்குப் போகச் சொல்வார்கள், உண்மையான படிப்பு அங்கே. சம்பளம் குறைவு, வேலை நேரம் எல்லை மீறும், பெண்களை அனுப்பத் தயங்குவார்கள். இந்தக் குறைகளை மறைத்துவிட்டு வழியைப் புகழ முடியாது. 1961ஆம் ஆண்டின் அப்ரன்டிஸ் சட்டப்படி உதவித்தொகையுடன் பழகுநராகச் சேர்வது இதைவிடப் பாதுகாப்பு. திருச்சி பெல் போன்ற பெரிய நிறுவனங்கள் ஆண்டுதோறும் எடுக்கின்றன.

வீட்டிலிருந்தே கற்கலாமா? பெருமளவு முடியும். டெல்டாவின் சிறிய பி.எல்.சி.க்கான மென்பொருள் இலவசம், சிமுலேட்டரும் உள்ளேயே இருக்கிறது. கோடெசிஸ் இலவசம். அதன் கணினிப் பதிப்பு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நின்றுபோகும், மறுபடி ஓடவிட்டால் போதும். சீமென்ஸ் மென்பொருள் 21 நாள் சோதனைக்குக் கிடைக்கும். ஐ.ஐ.டி. கரக்பூரின் தொழில்துறை ஆட்டோமேஷன் பாடம் என்.பி.டி.இ.எல். தளத்தில் முழுதாக இருக்கிறது. இவற்றோடு பழைய அரை எச்.பி. மோட்டார் ஒன்று, கழற்றிப் போட்ட ஸ்டார்ட்டர் ஒன்று, முடிந்தால் செகண்ட் ஹேண்டில் ஒரு சின்ன டிரைவ். இதைத் தனியாகச் செய்யாமல் ஊர் மோட்டார் மெக்கானிக்கின் கடை ஓரத்தில் செய்தால் இருவருக்கும் லாபம். அவரிடம் மோட்டார் இருக்கிறது, பிள்ளையிடம் லேப்டாப் இருக்கிறது.

ஜி.டி. நாயுடுவை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1937இல் பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து இந்தியாவின் முதல் மின்மோட்டாரைப் பீளமேட்டில் செய்தவர். பின்னாளில் கோவையில் பொறியியல் கல்லூரி தொடங்க உதவி, அதன் முதல்வராகவும் இருந்தவர். நான்காண்டுப் படிப்பு மாணவனின் காலத்தை வீணாக்குகிறது, இரண்டாண்டு போதும் என்று வாதாடி, அரசு ஒப்பாததால் பதவியை விட்டார். கால அளவில் அவரோடு நான் முழுதாக உடன்பட மாட்டேன். இன்றைய டிரைவுக்குள் இருக்கும் வெக்டர் கன்ட்ரோலைப் புரிந்துகொள்ளக் கணிதம் வேண்டும், அதற்கு நேரம் பிடிக்கும். ஆனால் எது முதலில், எது பிறகு என்பதில் அவர் பக்கம்தான்.

அரசிடம் ஏற்கெனவே ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. பள்ளிப் படிப்பைப் பெரிதாகப் பார்க்காமல், வயரிங் வேலையில் அனுபவம் உள்ளவருக்கு மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு வைத்துச் சான்று தருகிறார்கள். அதே முறையில் கன்ட்ரோல் பேனலுக்கும் ஒரு தேர்வு வைக்கலாம். ஓடும் பேனல் ஒன்றில் தேர்வாளர் மூன்று குறைகளை மறைத்து வைக்கட்டும்: அறுந்த ஸ்டாப் வயர் ஒன்று, ஸ்டாரில் கட்டிய மோட்டார் ஒன்று, இரண்டு வரியில் எழுதிய அவுட்புட் ஒன்று. முதல் இரண்டை ஊர் மெக்கானிக் கண்டுபிடித்துவிடுவார், மூன்றாவதை டிப்ளமோ படித்தவர் கண்டுபிடித்துவிடுவார். மூன்றையும் கண்டுபிடிப்பவருக்குச் சான்று கொடுங்கள். துறையூரிலேயே இந்தத் தேர்வை நடத்தலாம், அதற்கு ஒரு பேனலும் ஒரு மோட்டாரும் போதும்.